எட்டு எதிரொலிகளில் நான்கு

அண்ணி ஸ்கூட்டர் ஓட்டும்போது பின்னால் உட்காருகிறவனுக்குக் கடவுள் நம்பிக்கை தானாக வந்துவிடும். பின்னால் இருந்த ஊசி தன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே காதோரம் கடந்துபோனது.

"அண்ணி, சிக்னல் சிவப்பா இருந்துச்சு."

"பாத்தேன் தம்பி."

"பாத்துட்டேதான் வந்தீங்களா? சரி. எனக்கு ஏதாவது ஆனா, அண்ணனை என் பழைய சட்டையை எல்லாம் போட்டுக்கச் சொல்லுங்க. அளவுதான் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்."

வாயால் குத்துவதால் வந்த பெயர் ஊசி. உடம்பை மட்டும் பார்த்திருந்தால் கடப்பாரை என்றுதான் வைத்திருப்பார்கள். அவனுடைய அண்ணன் மனைவிதான் அவன் வேலை பார்க்கிற துப்பறியும் அலுவலகத்தின் முதலாளி. இருபது வருடம் பரீட்சை அறைகளில் மேற்பார்வை பார்த்து, காலுறைக்குள்ளும் தண்ணீர் பாட்டிலுக்குள்ளும் ஒளித்த பிட்டுகளைப் பிடித்துப் பிடித்து வளர்ந்த மூளை அது. கொழுந்தன் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, இப்போது போலீஸ்காரர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் சொல்கிறார்கள். அவளுக்கு அதில் புகார் இல்லை.

அன்று அவளுக்கு ஒரே இடத்தில் நிற்கமுடியவில்லை. அலுவலகத்திலேயே பேனாவின் தலையை டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தவள், இப்போது அந்த நடையை எல்லாம் சாலையில் காட்டிக்கொண்டிருந்தாள். நாடக அரங்கின் மேலாளர் கெடு வைத்துவிட்டார். ஒத்திகையில் நடந்த விபத்துக்கு யார் காரணம் என்று சாயங்காலம் விளக்குப் போடுவதற்குள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நாடகத்தின் இசையமைப்பாளருடைய மருமகள் பெயரைப் போலீசில் கொடுத்துவிடுவார்.

அந்தப் பெயரைச் சொன்னதே இசையமைப்பாளர்தான் என்பதுதான் கூத்து.

காலையில் அவர் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அறையே சிறியதாகிவிட்டது. பிடரி வரை வெள்ளை முடி, வெண்கலக் குரல். ஊசி அவருக்கு இடப்பக்கத்தில் நின்று தேநீர் டம்ளரை வைத்துவிட்டு, அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி, "இந்த முடியை வெட்டினா ரெண்டு தலையணை தைக்கலாம் போலிருக்கே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். பெரிய மனிதர்களைச் சீண்டிப் பார்ப்பது அவனுக்கு ஒரு வியாதி. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்தாலும் சந்தோஷம், திட்டினாலும் சந்தோஷம். காற்றோடு பேசினவன் மாதிரி விட்டுவிட்டாரே என்று அவனுக்கு ரோஷமாக இருந்தது.

"வீட்டுக்குள்ளயே பாம்பு வளந்திருக்கு அம்மா" என்றார் அவர். "என் மருமக. பையன் கப்பல்ல வேலை பாக்கறான், கரைக்கு வர ரெண்டு மாசம் ஆகும். அவன் வர்றதுக்குள்ள நான் உண்மையைத் தெரிஞ்சுக்கணும்."

நடந்தது இதுதான். புது நாடகத்தில் கதாநாயகி உயரமான மர மேடையில் தனியாக நின்று, இருட்டைப் பார்த்து "யாரது?" என்று கத்துவாள். அவள் குரலே எட்டுத் திசையிலிருந்தும் முணுமுணுப்பாகத் திரும்பி வரவேண்டும். சின்தசைசர் என்கிற மின்னணு இசைக்கருவியின் அலமாரியில் சொருகியிருக்கும் ஒரு பெட்டியின் வேலை அது. ஒரு சத்தத்தை வாங்கி எட்டு எதிரொலியாகத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பெட்டி பழுதாகி, நினைவெல்லாம் அழிந்து, ரிப்பேரிலிருந்து வந்திருந்தது. இசையமைப்பாளர் வீட்டில் ஒரு நாள் முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எட்டையும் புதிதாக அமைத்தார். மருமகள் அதை அரங்குக்கு எடுத்துப்போய் இணைத்தாள். ஒத்திகையில் நடிகை "யாரது?" என்று கத்தினாள். வலப்பக்கம் முணுமுணுத்தது. இடப்பக்கமோ காதைக் கிழிக்கிற மாதிரி அலறியது. மேடையின் இடது ஓரத்தில் நின்றிருந்தவள் துள்ளி விழுந்ததில் கால் எலும்பு முறிந்து, இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.

"நான் வச்சது நூத்துக்கு நூறு சரி. என் காதால கேட்டுக் கேட்டு வச்சேன். எனக்கப்புறம் அந்தப் பெட்டி அவ கையிலதான் இருந்துச்சு."

"உங்க மருமக ஏன் அப்படிச் செய்யணும்?"

"என்னை ஓரங்கட்டிட்டு அவ உட்காரணும். கொஞ்ச நாளாவே என் வேலையில மூக்கை நுழைக்கிறா. எதை வச்சாலும், 'மாமா, நானும் ஒரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா'ன்னு வந்து நிக்கறா. நாப்பது வருஷமா இந்தக் காதை வச்சுப் பொழச்சவன் நான். எனக்கு மேல ஒரு காதா?"

அண்ணி பேனாவை டிக்கென்று அழுத்தினாள்.

*

அரங்கின் மேலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். நின்றிருந்தார் என்பதைவிட, ஒரு தூணுக்கும் இன்னொரு தூணுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். கையில் சாவிக்கொத்து கலகலவென்றது.

"அண்ணி, நடிகையோட அண்ணன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான். யார் பண்ணதுன்னு கேக்கறான். நான் என்ன சொல்றது?"

"ஒத்திகைக்கு அப்புறம் பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"அன்னிக்கே ரூமைப் பூட்டிட்டேன். இதோ சாவி."

ஒலி அறை அரங்கின் பின்பக்கம் மாடியில் இருந்தது. பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்குக் கீழே வரிசையாக இருக்கைகள், தூரத்தில் அந்த மர மேடை. மருமகள் ஏற்கனவே அறை வாசலில் காத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். இடுப்புப் பையில் ஸ்க்ரூடிரைவர், கொண்டையில் ஒரு ஹேர்பின், கண்ணுக்கு அடியில் தூங்காத கருப்பு.

"நீங்கதான் பண்ணீங்களா?" ஊசி நேராகக் கேட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள். "பெட்டி எப்படி வேலை செய்யும்னு கேளுங்க, சொல்றேன். மத்ததைக் கேக்காதீங்க."

"இது ஆமாவா, இல்லையா?"

"தம்பி, சும்மா இரு" என்றாள் அண்ணி. "பெட்டியைப் பத்தியே சொல்லும்மா."

அலமாரியில் ஒயர்க் காட்டுக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. அதன் முகத்தில் திருகுகிற நாப்கள் மூன்று, கீழே எட்டுச் சின்ன பட்டன்கள்.

"ஒரு நீளக் குழாய்ல தண்ணி ஓடற மாதிரி நினைச்சுக்கங்க" என்றாள் மருமகள். "சத்தம் உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். வழியில எட்டு இடத்துல குழாய் வச்சுத் திறந்து விடறோம். முதல் குழாய்ல சீக்கிரம் வரும், எட்டாவதுல கடைசியா வரும். நாங்க ஒண்ணாம் குழாய், ரெண்டாம் குழாய்னே சொல்லுவோம். ஒத்தைப்படைக் குழாய் எல்லாம் வலது பக்க ஸ்பீக்கர், ரெட்டைப்படை எல்லாம் இடது பக்கம்."

"எங்க தெருவுலயும் குழாய் இருக்கு" என்றான் ஊசி. "சத்தம் மட்டும்தான் வரும்."

மருமகளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

"ஒரு குழாயை மட்டும் எப்படி மாத்தறது?" என்றாள் அண்ணி.

"அந்தக் குழாயோட பட்டனை அழுத்திப் பிடிச்சா, இந்த மூணு நாப்பும் அதுக்கு மட்டும் வேலை செய்யும். இது எவ்வளவு நேரம் கழிச்சு வரணும், இது எவ்வளவு சத்தம், இது எவ்வளவு கூர்மை. விட்டுட்டு அடுத்த பட்டனை அழுத்தினா அதே மூணும் அடுத்த குழாய்க்கு."

அண்ணி பேனாவை அழுத்துவதை நிறுத்தினாள். "மூணு நாப், எட்டுக் குழாய். அப்ப நான் முதல் குழாய்க்குச் சத்தத்தை நல்லாக் குறைச்சுட்டு ரெண்டாவதுக்குப் போறேன். நாப் குறைஞ்ச இடத்துலயே நிக்குது. ரெண்டாவது குழாயும் குறைஞ்சிடுமா?"

மருமகளின் கண் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு தடவை போய்வந்தது.

"குறையாது" என்றாள். "ரெண்டாவது எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்கும். நாப்பைத் திருகித் திருகி அந்தப் பழைய இடத்தைத் தாண்டினாதான் பிடிச்சுக்கும். அது வரைக்கும் நாப் சும்மா சுத்தும்."

"அது எந்த இடம்னு எப்படித் தெரியும்? விளக்கு எரியுமா?"

"இல்ல. சத்தம் மாற ஆரம்பிக்கும். கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்."

"முழுசா அழிக்கணும்னா?"

"பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கு. கம்பியால குத்தினா எட்டும் மொத்தமாப் போயி, கடையில வாங்கினப்ப இருந்த மாதிரி ஆயிடும். எல்லாமே முழுச் சத்தம். ஒரு குழாயை மட்டும் அப்படி அழிக்க முடியாது."

அண்ணி தலையாட்டிவிட்டு மேலாளரோடு ஜன்னல் பக்கம் போனாள். நடிகை எங்கே நின்றாள், எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் என்று கேள்வி மேல் கேள்வி. ஊசிக்கு அதில் சுவாரசியம் இல்லை. அறைக்குள் காற்றில்லை, கழுத்து அரித்தது, உட்கார ஒரு நாற்காலி இல்லை. சொறிந்துகொண்டே திரும்பியவன் கண்ணில் அது பட்டது.

மருமகளின் கொண்டை அவிழ்ந்திருந்தது. ஹேர்பின் அவள் விரல்களுக்கு நடுவில், பெட்டியின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக நகரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. ஒரே எட்டில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அண்ணி! கையும் களவுமா!"

மேலாளர் ஓடிவந்தார். "பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே! ஆதாரத்தை அழிக்கப் பாக்கறா. இதுக்கு மேல எதுக்குச் சாயங்காலம்? இப்பவே போலீசுக்குப் போன் போடறேன்."

மருமகள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "போடுங்க" என்றாள். "நான்தான்னு சொல்லிடுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

ஊசிக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. கேஸ் முடிந்தது, பிடித்தது அவன். ஆனால் அண்ணியோ அந்த ஹேர்பின்னை அவள் விரலிலிருந்து எடுத்து, அவள் கொண்டையை வாரி முடித்து, அதிலேயே சொருகிவிட்டாள்.

"மேலாளரே, போனைப் பைக்குள்ள வைங்க. தம்பி, கையை விடு. ஹெட்ஃபோனை எடுத்து மாட்டு."

"நான் எதுக்கு?"

"உனக்கு வாய் மட்டும்தான் இருக்கான்னு பாக்கணும்."

*

மைக்கில் "யாரது" என்று சொல்லவேண்டும், ஹெட்ஃபோனில் வருவதைக் கேட்கவேண்டும், சத்தம் மாறத் தொடங்கும் நொடியில் கையைத் தூக்கவேண்டும். ஊசிக்குக் கிடைத்த வேலை அது. சேமிக்காமல் அணைத்துவிட்டால் இருந்தபடியே இருக்கும், பயப்பட வேண்டாம் என்று மருமகள் சொன்னாள். அண்ணி முதலில் ஹெட்ஃபோனின் வலது பக்கத்தை மட்டும் அவன் காதில் வைத்துவிட்டு, ஒண்ணாம் குழாயின் பட்டனைப் பிடித்துக்கொண்டு, சத்தத்துக்கான நாப்பை அடியிலிருந்து மெல்லத் திருகினாள்.

"யாரது... யாரது... யாரது..." அவன் சட்டெனக் கையைத் தூக்கினான்.

கால்வாசியைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால். மூன்றாம் குழாயில் அதைவிடக் கொஞ்சம் கீழே. ஐந்தாவதில் இன்னும் கீழே, ஏழாவதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத இடத்தில். படி இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றும் ஒரு சின்ன அளவு இறங்கியிருந்தது. பொன் நிறுக்கிறவர் தராசில் வைத்த மாதிரி வேலை. ஊசிக்கே ரசிக்கத் தோன்றியது.

"இப்ப இடது பக்கத்தையும் மாட்டு. ரெண்டாம் குழாய்."

"யாரது... ஐயோ!"

இடது காதில் யாரோ தகரத்தை வீசின மாதிரி இருந்தது. அவன் துள்ளிய துள்ளலில் தலை அலமாரியில் இடித்தது.

"கையைத் தூக்கச் சொன்னா காலைத் தூக்கற?"

"நீங்க மாட்டிப் பாருங்க அண்ணி! காது இருக்கா, கழண்டு விழுந்துருச்சா?"

நாப் பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது. சத்தம் மாறவே இல்லை. கடைசி முனையில், அதற்கு மேல் திருக இடமே இல்லாத இடத்தில்தான் பிடித்தது. நாலாம் குழாய், அதே முனை. ஆறாவது, அதே முனை. எட்டாவது, அதே. கூர்மை நாப்பும் நாலுக்கும் கடைசி முனையில் நின்றது.

அண்ணி பெட்டியை அணைத்தாள். பேனா மறுபடி டிக் டிக்கென்றது. சிறிய அறையில் மூன்று அடி நடந்து திரும்பி, மூன்று அடி நடந்து திரும்பி, மற்றவர்களுக்கும் தலை சுற்ற வைத்தாள்.

"பரீட்சைத் தாள்ல தப்பு விடை எப்படி இருக்கும் தம்பி?"

"என் தாள் மாதிரி இருக்கும்."

"ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒருத்தர் கெடுக்கணும்னு நாலு நாப்பைத் திருகினா ஒண்ணு இங்க நிக்கும், ஒண்ணு அங்க நிக்கும். ஓட்டையில குத்தி அழிச்சிருந்தா எட்டும் போயிருக்கும். இங்க எட்டுக் கேள்வியில நாலுக்குப் பிரமாதமான விடை. மத்த நாலும் தப்பா எழுதலை. எழுதவே இல்லை. கடையில வந்தப்ப இருந்த மாதிரியே வெள்ளைத் தாளா இருக்கு."

மேலாளர் விழித்தார். "அப்ப யார் கெடுத்தது?"

"யாரும் கெடுக்கலை."

"அண்ணி, இவங்க ஹேர்பின்னோட போனதை நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றான் ஊசி.

"நானும் ஜன்னல் கண்ணாடியில பாத்தேன். அதுதான் எனக்கு உதவி. எட்டையும் அழிச்சா இந்தப் பொண்ணுக்கு என்ன லாபம்? பழி போகாது, இன்னும் இறுக்கமா ஒட்டிக்கும். அழிஞ்சா காணாமப் போறது ஒண்ணே ஒண்ணுதான். நாலு மட்டும் எழுதப்படாம இருக்கிற அந்தத் தாள். அதை எழுதினவர் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தம்பி, காலையில அவருக்கு டீ வச்சப்ப என்னமோ முணுமுணுத்தியே. என்ன சொன்ன?"

ஊசி நெளிந்தான். "தலையணை பத்தி... சும்மா தமாஷுக்கு. அவர் முடியை வச்சு."

"சிரிச்சாரா?"

"இல்ல."

"அதுல ஆச்சரியம் இல்ல. திட்டினாரா?"

"அதுவும் இல்ல. இந்தப் பெரிய மனுஷங்களுக்கே நம்மளை மதிக்கிற பழக்கம் கிடையாது. நான் பக்கத்துலதான் நின்னேன், இடது பக்கம், இதோ இவ்வளவு தூரத்துல. ஒரு அசைவு இல்ல. செவிடன் காதுல ஊதின சங்..."

பழமொழி அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அண்ணி மேலாளரைப் பார்த்தாள். "அவரைக் கூப்பிடுங்க."

*

இசையமைப்பாளர் படியேறி வந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. மருமகள் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவருக்கு வலப்பக்கம் நின்றாள். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் நெருக்கி நிற்கவேண்டிய இடம். அவருக்கு இடப்பக்கம் தாராளமாக இடம் இருந்தது. ஊசி இப்போது அதைக் கவனித்தான். பேச்சு அவர் காதில் விழவேண்டும் என்று எத்தனை நாளாக இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறாளோ என்று நினைத்தபோது, அவள் மணிக்கட்டைப் பிடித்த தன் கையைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் அவர், மருமகளைப் பார்க்காமல்.

"ஒரே ஒரு சந்தேகம் ஐயா. இதைக் கேட்டுச் சொல்லுங்க." அண்ணி பெட்டியைப் போட்டு, ஹெட்ஃபோனை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றாள் மருமகள் சட்டென்று. "மாமா, மாட்டாதீங்க. வீட்டுக்குப் போயிடலாம் வாங்க."

"ஏன், உன் வேலை வெளிய வந்துரும்னு பயமா?" அவர் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஊசி மைக்கை எடுத்தான். "யாரது?"

பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்ல அவிழ்ந்தது. வலது கை விரல்கள் காற்றில் படி இறங்குகிற மாதிரி அசைந்தன.

"இதுதான்!" என்றார். "நான் வச்சது இதுதான், அச்சு அசல். பாத்தீங்களா, எவ்வளவு பதமா வருது? யார் சரி பண்ணீங்க?"

மேலாளரின் சாவிக்கொத்துகூட ஓய்ந்திருந்தது.

"யாரும் சரி பண்ணலை ஐயா" என்றாள் அண்ணி. "ஒத்திகை அன்னிக்கு இருந்த அதே பெட்டி, அதே அமைப்பு."

"அப்படி இருக்க முடியாது. அன்னிக்கு அந்தப் பொண்ணு துள்ளி விழுந்தாளே. ஸ்பீக்கர் கோளாறா இருக்கும்."

அண்ணி அவர் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள். இடதை வலதாகத் திருப்பி, மறுபடி மாட்டிவிட்டாள். அவள் கை மெதுவாகத்தான் போனது. அவளுக்கும் அது பிடித்த வேலையாக இல்லை என்று ஊசிக்குத் தெரிந்தது.

"தம்பி, இன்னொரு தடவை."

அவனுக்குச் சொல்லவே மனம் வரவில்லை. சொன்னான். "யாரது?"

பெரியவர் சூடு பட்டவர் மாதிரி ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தார். அது ஒயரில் தொங்கி ஆடியது. அதற்குள்ளிருந்து மூன்று நான்கு அலறல்கள் தூரத்தில் கேட்கிற மாதிரி வந்து ஓய்ந்தன. இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டு நின்றவர், பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அது... கடையில வர்ற அமைப்பு" என்றார். வெண்கலம் போய்க் குரலில் தகரம் மட்டும்தான் இருந்தது. "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. தொடவே இல்லையா நான்?"

"தொட்டீங்க. வலது பக்கத்தைக் காதால வச்சீங்க, இடது பக்கத்தைக் கண்ணால வச்சீங்க. ஒண்ணாம் குழாயைக் குறைச்சுட்டு ரெண்டாவதுக்கு வந்தப்ப நாப் கீழதான் இருந்துச்சு. கண்ணுக்குச் சரியாப் பட்டுச்சு, ஆனா குழாய் பழைய முழுச் சத்தத்துலயே நின்னுச்சு. காது கேட்டிருந்தா அந்த நொடியே தெரிஞ்சிருக்கும்."

"நாப்பது வருஷத்துல நாப்பைப் பாத்தே வச்சதில்ல நான்."

"இதுக்கு முன்னால பாக்க வேண்டிய அவசியம் வந்ததில்ல."

மேலாளருக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "அப்ப சார், ஒரு காது கேக்காதுன்னு எங்ககிட்ட சொல்லாமலே..."

"சொன்னா யார் சார் வேலை குடுப்பா?" மருமகள் குறுக்கிட்டாள். "நீங்க குடுப்பீங்களா? எங்க வீட்டுல அடுப்பு எரியறது அந்தக் காதை நம்பி. எனக்கு ஒத்திகையில முதல் சத்தம் வந்தப்பவே புரிஞ்சுது. அன்னிக்குக் காலையில நான் ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்னு சொன்னேன். என் அமைப்புல கை வைக்காதேன்னார். வைக்கலை. வச்சிருந்தா அந்த அக்கா காலு உடைஞ்சிருக்காது. அது என் தப்புதானே? அதான் என் பேரையே சொல்லட்டும்னு இருந்தேன்."

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அன்று முதல்முறையாக. "உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"ரொம்ப நாளா. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன் மாமா." அவள் குரல் அதுவரை உடையவில்லை. இப்போது உடைந்தது. "உங்க காது போனது எனக்குத் தெரியும். ஒருத்தரை மேடையிலிருந்து விழ வைக்கிற ஆளுன்னு என்னை நீங்க நினைச்சீங்களே, அதுதான் எனக்குத் தெரியாமப் போச்சு. துப்பறியறவங்களையே கூட்டிட்டு வந்துட்டீங்க."

ஊசிக்கு எங்கேயாவது வெளியே போய் நிற்கலாம் போலிருந்தது. ஆனால் அறையிலிருந்து வெளியே போக அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் வழி.

பெரியவர் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லாத மனிதர் என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு மேலாளரிடம் கையை நீட்டினார்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் குடுங்க."

"சார், போலீசுக்கு நான் என்ன..."

"அவங்ககிட்டயும் நானே சொல்றேன். முதல்ல அவளுக்குப் போடுங்க."

மேலாளர் எண்ணை அழுத்திக் கொடுத்தார். பெரியவர் வலது காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே காலி இருக்கைகளுக்கு அப்பால் அந்த மர மேடை தெரிந்தது.

"நான்தாம்மா பேசறேன். கால் எப்படி இருக்கு? ம். ம். இல்லம்மா, அவ இல்ல. அன்னிக்கு அந்தச் சத்தம்... அது வந்து... என்னோட..."

அதற்கு மேல் போகவில்லை. தோள் குலுங்கியது. பழக்க தோஷத்தில், எதுவாக இருந்தாலும் அவள் பார்த்துக்கொள்வாள் என்கிற மாதிரி, திரும்பிப் பார்க்காமலே போனை மருமகளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, காதில் வைத்தாள்.

"அக்கா, நான்தான். இல்லக்கா, நான் சொல்லமாட்டேன். மாமாவே சொல்லுவார். கொஞ்சம் அழறார், அவ்வளவுதான். வச்சுடாதீங்க, லைன்ல இருங்க."

போனைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தாள்.